ஆயுள் கணக்கில் வருமானத்துக்கு என்ன வேலை?

"இந்தியர்களின் சராசரி ஆயுள் எவ்வளவு?" என்று உங்கள் செல்போனில் தேடிப் பாருங்கள். 70 வருஷம் என்று பதில் வரும். மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறையில் 2016-20 காலத்துக்கு எடுத்த கணக்கு அது. அதே கணக்கில் தமிழ்நாடு 73-ஐ ஒட்டி நிற்கிறது. கேரளம் 75-ஐ ஒட்டி, சத்தீஸ்கர் 65-ஐ ஒட்டி. ஒரே நாட்டுக்குள் பத்து வருஷ வித்தியாசம்.

மாநிலத்துக்கு மாநிலம் இருக்கும் இந்த வித்தியாசம் செய்திகளில் அடிக்கடி வரும். அதிகம் பேசப்படாதது வீட்டுக்கு வீடு இருக்கும் வித்தியாசம். 2015-16ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின் தரவுகளை எடுத்து, நாட்டின் குடும்பங்களை வசதியின் அடிப்படையில் ஐந்து சம பங்காகப் பிரித்து ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். வசதியில் முதல் பங்கில் இருக்கும் வீட்டில் பிறக்கும் குழந்தையின் ஆயுள் எதிர்பார்ப்பு 72.7 வருஷம். கடைசிப் பங்கில் இருக்கும் வீட்டில் பிறந்தால் 65.1 வருஷம். இடைவெளி 7.6 வருஷம்.

7.6 வருஷம் என்பது ஒரு பேரப்பிள்ளை பிறந்து, பள்ளிக்கூடம் போய், இரண்டாம் வகுப்பை முடிக்கிற காலம். வசதி குறைந்த வீட்டின் தாத்தா பாட்டிக்கு அந்தக் காலம் கிடைப்பதில்லை. ஏன்? "பணம் இல்லை, அதனால் வைத்தியம் பார்க்க முடியவில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் பல கதவுகள் இருக்கின்றன. அவற்றில் சில நம்மால் திறக்கக்கூடியவை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஆயுள் எதிர்பார்ப்பு 70 என்றால் எல்லோரும் 70-ல் இறந்துபோவார்கள் என்று அர்த்தம் இல்லை. ஓர் ஊரில் பத்துப் பேர் பிறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் பிறந்த சில நாளிலேயே இறந்துவிடுகிறார்கள். மீதி எட்டுப் பேரும் 75 வயது வரை வாழ்கிறார்கள். சராசரி எவ்வளவு? 60. அந்த ஊரில் 60 வயதில் இறந்தவர் ஒருவர்கூட இல்லை, ஆனாலும் சராசரி 60.

அதாவது, சின்ன வயதில் நடக்கும் ஒவ்வொரு மரணமும் சராசரியைப் பலமாகக் கீழே இழுக்கும். அதனால்தான் ஒரு மாநிலத்தின் ஆயுளைக் கூட்டுவதற்கு முதல் வழி, பச்சிளம் குழந்தைகளையும் பிரசவத்தில் தாய்மார்களையும் காப்பாற்றுவது. தமிழ்நாடு அதைத்தான் செய்தது. 1970-களின் தொடக்கத்தில் இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020-ல் அந்த எண்ணிக்கை 13. அதே ஆண்டில் நாட்டின் சராசரி 28. பிரசவத்தை ஒட்டிய தாய் மரணம், 2018-20 கணக்கில், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இங்கே 54, நாடு முழுவதற்கும் 97.

எப்படி நடந்தது? பணக்கார மாநிலமாக மாறிய பிறகு இதெல்லாம் தானாக வந்தது என்று நினைத்தால் தவறு. ஏழைக்கும் எட்டும் தூரத்தில் மருத்துவத்தைக் கொண்டுபோய் வைத்ததால் வந்தது. கிராமச் சுகாதாரச் செவிலியர், 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையம் என்று ஒவ்வொரு படியாகக் கட்டினார்கள். இன்று இங்கே நடக்கும் பிரசவங்களில் 99 சதவீதத்துக்கும் மேல் மருத்துவமனையில்தான்.

இன்னொரு படியைப் பற்றி யாரும் அதிகம் பேசமாட்டார்கள். கிடங்கு சமாச்சாரம் என்பதாலோ என்னவோ! 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அது. மாநிலம் முழுவதற்கும் தேவையான மருந்தை மொத்தமாக வாங்கி, தரத்தைப் பரிசோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் இருக்கும் தொகைக்குத் தேவையான மருந்தைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தபின் "மாத்திரையை வெளியில வாங்கிக்கோங்க" என்று சொல்ல நேர்ந்தால், அந்தச் சீட்டு ஏழை வீட்டில் மடித்து வைத்த காகிதமாகவே இருந்துவிடும். மருந்து கையில் கிடைத்தால்தான் வைத்தியம்.

குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியத்தை எட்டிய இடங்கள் எவை என்று 1985-ல் ஓர் ஆய்வறிக்கை வந்தது. கேரளம், இலங்கை, சீனா, கோஸ்டாரிகா ஆகியவை அதில் இருந்தன. 2011-ல் அதன் தொடர்ச்சியாக வந்த நூலில் தமிழ்நாடும் ஓர் உதாரணமாக இடம்பெற்றது.

வறுமை மட்டும்தானா?

"சரி, ஏழைக்குக் கஷ்டம், புரியுது. நமக்கு மாசச் சம்பளம் வருது, நமக்கு என்ன?" என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக லண்டனில் நடந்த ஓர் ஆய்வு.

1967-ல் தொடங்கி, பிரிட்டன் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த 17,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். வொய்ட்ஹால் ஆய்வு என்று பெயர். இவர்களில் யாரும் பரம ஏழை இல்லை. எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் அரசின் இலவச மருத்துவம். அப்படியும் கடைநிலை ஊழியர்கள் இறக்கும் விகிதம் உயரதிகாரிகளைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இடையில் இருந்தவர்கள் இடையில்தான் இருந்தார்கள். ஏணியில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆபத்து கொஞ்சம் கூடியது. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் போன்றவை இதில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. தன் வேலை மீதும் தன் நேரத்தின் மீதும் ஒருவருக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதும் உடம்பைப் பாதிக்கிறது என்று அந்த ஆய்வுகளை நடத்திய மைக்கேல் மார்மட் பிற்பாடு விரிவாக எழுதினார்.

நம்ம ஊரில் இதைப் புரிந்துகொள்ள லண்டன் போக வேண்டியதில்லை. டாக்டரைப் பார்க்க அரை நாள் லீவு கேட்டால் மேனேஜருக்குக் கிடைக்கும். செக்யூரிட்டி வேலை பார்ப்பவருக்கு ஒரு ஷிப்ட் சம்பளம் போகும்.

அமெரிக்காவில் இந்த இடைவெளி இன்னும் பெரிசு. 2001 முதல் 2014 வரையிலான வரிக் கணக்குகளையும் இறப்புப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்ததில், மிக அதிகம் சம்பாதிக்கும் 1 சதவீத ஆண்கள், மிகக் குறைவாகச் சம்பாதிக்கும் 1 சதவீத ஆண்களைவிட 14.6 வருஷம் அதிகம் வாழ்கிறார்கள். பெண்களிடையே 10.1 வருஷம். உலகத்திலேயே மருத்துவத்துக்கு அதிகம் செலவு செய்யும் நாட்டின் நிலைமை இது. நாடு எவ்வளவு செலவழிக்கிறது என்பதைவிட, அந்தச் செலவு யார் வீட்டு வாசல் வரை வந்து சேர்கிறது என்பதுதான் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

வருமானத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவை 1975-ல் சாமுவேல் பிரெஸ்டன் என்ற அறிஞர் ஒரு கோடாக வரைந்து காட்டினார். தொடக்கத்தில் கோடு செங்குத்தாக ஏறும், பிறகு படுத்துவிடும். மாதம் 8,000 ரூபாயில் ஓடும் வீட்டுக்கு இன்னும் 2,000 ரூபாய் கிடைத்தால் முட்டை, பால், பஸ் கட்டணம், மாத்திரை என்று அது உடம்புக்கே போகும். மாதம் 3 லட்சம் வரும் வீட்டுக்கு அதே 2,000 ஒரு ஹோட்டல் பில். பணம் ஒரு பக்கமே குவிந்தால் மொத்த ஆயுள் பெரிதாகக் கூடாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இப்போது இடைவெளி எங்கே இருக்கிறது?

தொட்டிலில் நடந்த மரணங்களை நாம் பெரிதும் குறைத்துவிட்டோம். இன்று தமிழ்நாட்டில் நிகழும் மரணங்களில் பெரும்பகுதி மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் வருபவை. இவை சத்தம் போடாமல் வருகிற நோய்கள். 40 வயதில் உள்ளே நுழையும், 55-ல்தான் தன்னைக் காட்டும்.

2020-ல் மாநிலம் முழுவதும் நடந்த ஓர் ஆய்வின்படி, 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. அந்த நோய் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுப்பாட்டில் இருந்தது தெரியுமா? நூற்றுக்கு சுமார் 7 பேருக்கு. சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு சுமார் 11 பேருக்கு. இந்த இரண்டு எண்களையும் ஒரு தடவை நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள். மாத்திரை இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசம், ஆனாலும் 7 பேர்.

ஏன்? ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 48 வயது, கட்டட வேலை, நாள் கூலி 700 ரூபாய். ரத்தக்கொதிப்பு இருப்பது ஒரு முகாமில் தெரியவருகிறது. மாதாமாதம் மாத்திரை வாங்க மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாத்திரைக்குக் காசில்லை, டாக்டருக்குக் காசில்லை, எல்லாம் இலவசம். ஆனால் அன்றைய கூலி 700 போச்சு. பஸ்ஸும் டீயும் சேர்த்தால் இன்னும் 60, 70. வருஷத்துக்கு 12 தடவை என்றால் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். "தலை சுத்தலும் இல்ல, வலியும் இல்ல, நல்லாத்தானே இருக்கேன்" என்று மூன்றாவது மாதம் நிறுத்திவிடுவார். இது அலட்சியம் என்று நாம் திட்டலாம். அவர் பக்கம் நின்று பார்த்தால் அது கணக்கு.

கணக்கு தப்பாகப் போவது பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும். சிறுநீரகம் கெட்டுப்போய் வாரம் இரண்டு மூன்று டயாலிசிஸ், ஒவ்வொன்றும் சுமார் நான்கு மணி நேரம். வேலை நின்றுபோகும். நகை அடகுக்குப் போகும். பெண்ணின் காலேஜ் பாதியில் நிற்கும். நோய் வறுமையைக் கொண்டுவரும், அந்த வறுமை அடுத்த தலைமுறையின் உடம்பைத் தொடும். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் சட்டைப் பையிலிருந்து நேரடியாகக் கொடுக்கும் பங்கு 2013-14ல் 64 சதவீதமாக இருந்தது, 2021-22ல் 39 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் கையிருப்பே இல்லாத வீட்டுக்கு அந்த 39-ம் பெரிய பாரம்.

அந்த 700 ரூபாயை எப்படி மிச்சப்படுத்துவது?

நோயாளி மருத்துவமனையைத் தேடிப் போகிற செலவைக் குறைக்கத்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பார். ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையும் வீட்டிலேயே கிடைக்கும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சை, வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

உங்கள் தெருவுக்கு அந்தத் தன்னார்வலர் வரும் நேரத்தில் வீட்டில் யாரும் இல்லையா? பல வீடுகளில் இதுதான் பிரச்சினை. பகலில் வருவார், பகலில்தான் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் கேட்டு அவருடைய பெயரையும் எண்ணையும் வாங்கி போனில் சேமித்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் இடத்திலேயே பரிசோதனை செய்யும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டமும் இருக்கிறது, நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள். நகரங்களில் இருப்பவர்களுக்கு நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை நேரத்திலும் திறந்திருக்கும். கூலி போகாமல் டாக்டரைப் பார்க்க அது ஒரு வழி. சின்னச் சந்தேகத்துக்கு 104-ஐ அழைக்கலாம், 'இ-சஞ்சீவனி'யில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

இன்னொரு விஷயம். வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். கணவரின் மாத்திரை எப்போது தீரும் என்று தேதியோடு சொல்லும் அம்மாக்கள் பலருக்குத் தங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று தெரியாது. "எனக்கு என்னப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஆரம்பகட்டப் பரிசோதனை அரசு நிலையங்களில் இலவசம். வலி வந்த பிறகு போவதற்கும் வலி வருவதற்கு முன் போவதற்கும் நடுவில் பல வருஷ ஆயுள் இருக்கிறது. (வாட்ஸ்அப்பில் வரும் 'நூறு வயது வாழ ஒரே கஷாயம்' செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்புகிறவர்கள் இந்தப் பரிசோதனைத் தகவலையும் அனுப்பினால் நன்றாக இருக்கும்.)

அட்டை, காய்ச்சலுக்கு முன்பே

பெரிய சிகிச்சை என்று வந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கானது. மாதாமாதம் மருந்துக்கடையில் ஆகும் செலவை இது கொடுக்காது. அந்தச் செலவுக்கு வழி அரசு மருத்துவமனை மாத்திரைதான், இல்லாவிட்டால் முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் போன்ற கடைகளில் கிடைக்கும் விலை குறைந்த ஜெனரிக் மருந்து. "அட்டை இருக்கே, அப்புறம் ஏன் மாத்திரை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அட்டை கடைசிக் கதவு, மாத்திரைதான் முதல் கதவு.

பலர் தடுமாறுவது எங்கே தெரியுமா? அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு மகன் வருமானச் சான்றுக்கு ஓடுகிறான். ஐ.சி.யூ. வாசலில் ஒருவர், கிராம நிர்வாக அலுவலர் அலுவலக வாசலில் ஒருவர் என்று குடும்பமே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இதை இன்றே முடித்துவிடலாம். குடும்ப அட்டை, குடும்பத்தினரின் ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறோமா என்ற சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள், பிறந்த குழந்தை ஆகியோரின் பெயர் குடும்ப அட்டையில் ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அங்கே பெயர் இல்லாவிட்டால் இங்கேயும் சிக்கல்.

சாலை விபத்துக்கு இந்தக் காகிதம் எதுவும் தேவையில்லை. 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் காயம்பட்ட யாராக இருந்தாலும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், திட்டத்தில் உள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். "முதல்ல பணம் கட்டுங்க" என்ற பேச்சுக்கு இடமில்லை.

நெஞ்சு வலிக்கு இன்னும் குறைந்த நேரம்தான் இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சைப் பிசைகிறது, இடது கை கனக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. "வாயுவாத்தான் இருக்கும், காலையில பார்த்துக்கலாம்" என்று ஒரு சோடாவோடு படுத்துவிடுகிற பழக்கம் வசதியுள்ள வீட்டிலும் உண்டு. ஆனால் தூரமும் வண்டிச் செலவும் பயமுறுத்தும் வீட்டில் அது அதிகம். இதற்காகவே 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணைச் சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் கட்ட மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி 40 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் அந்த மருந்து பக்கத்திலேயே கிடைத்துவிடும்.

வாடகைக் காருக்கு யாரிடம் பணம் கேட்பது என்று யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். ஊர் பெயர், பக்கத்தில் இருக்கும் கோயில் அல்லது பஸ் ஸ்டாப், நோயாளியின் வயது, என்ன தொந்தரவு, எப்போது ஆரம்பித்தது என்று நிதானமாகச் சொல்லுங்கள். போனைத் துண்டிக்காதீர்கள். தெரு முனையில் ஒருவரை டார்ச்சோடு நிற்க வையுங்கள். நோயாளி தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.